மோரிஸ் மைனருக்கு இரட்டைச் செயின்

பாளையங்கோட்டை
ஆனி மாதம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். கொஞ்சம் தெளிவாகத் தெரிந்ததும் அடுப்படிப் பக்கம் போய் நின்றுவிடுவார்கள், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே எல்லோரும் சுகம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. நமக்கு வழக்கம்போல் காற்றும் தூசியும்தான். பட்டறையில் ஏர் ஃபில்டர் வியாபாரம் மட்டும் ஜோர்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மோரிஸ் இஞ்சினில் கிராங்க்கிலிருந்து, வால்வைத் திறந்து மூடுகிற கேம் தண்டைச் சுற்றிவிடுகிற டைமிங் செயின் இருக்கிறதே, அதை ஒற்றை வரிசைக்குப் பதில் இரட்டைச் செயினாகப் போட்டால் எத்தனை குதிரைசக்தி கூடும் என்று கேட்டிருந்தாய். ஒன்றுகூட ஏறாது. வண்டிக்காரத் தம்பியிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டேன். ஆலங்குளத்தில் ரைஸ் மில் வைத்திருக்கிற பையன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். “அப்புறம் எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு செலவு?” என்றான். ‘உன் புதுக் கேம் தரப்போகிற குதிரையை வழியில் யாரும் களவாடாமல் இருக்கத்தான்’ என்றேன். சிரித்துக்கொண்டே பணத்தை எடுத்துக் கொடுத்தான். நல்ல பிள்ளை.

வண்டி வந்த கதை உனக்கு முழுதாகத் தெரியாதே. உத்தர்பாராவில் ‘பேபி இந்துஸ்தான்’ என்று பூட்டி விற்ற மோரிஸ் மைனர் அது. பழைய இஞ்சினை எந்தக் காலத்திலோ யாரோ தூக்கிப் போட்டுவிட்டு, பின்னால் வந்த 1098 சிசி ஏ-சீரிஸ் இஞ்சினை வைத்திருக்கிறார்கள். கம்பெனிக் கணக்கில் நிமிடத்துக்கு 5100 சுற்றில் 48 குதிரை. தம்பிக்கு அது போதவில்லை. பழைய கார் ராலி, மலைச்சாலை என்று ஆசை. இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், துருவித் தேய்த்த ஹெட், கொஞ்சம் காரமான கேம் என்று இங்கிலாந்திலிருந்து ஒவ்வொன்றாக வரவழைத்து வைத்திருந்தான். அதற்குள் 2023 டிசம்பர் மழை வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதே மழை. ஆறு ஊருக்குள் வந்தபோது ஜங்ஷன் பக்கம் ஒரு ஷெட்டில் ஸ்டாண்டில் நின்ற இஞ்சின் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. புது சாமான்கள் ஆலங்குளத்தில் வீட்டுப் பரணில் இருந்ததால் பிழைத்தன.

இஞ்சின் அடியில் ஆயில் வடிக்கிற சம்ப் பிளக்கைக் கழற்றியதும் முதலில் வந்தது தண்ணீர், அப்புறம் காவி நிறத்தில் குழம்பு, கடைசியில்தான் ஆயில். பிஸ்டன் பிடிக்கவில்லை, கிராங்க்கும் பழுதில்லை. டைமிங் கவரைத் திறந்தபோதுதான் செயினின் லட்சணம் தெரிந்தது. வெளியே பார்க்கப் பழுப்பு படிந்த மாதிரிதான். டீசலில் போட்டு ஊற வைத்துத் துடைத்தால் பளபளவென்று ஆகிவிட்டது. அதைப் பார்த்து நம்பி மறுபடி பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செயினின் உயிர் வெளித்தகட்டில் இல்லை, பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே துரு பிடித்துத் தேய்ந்தால் ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை இடைவெளி விழும். இந்தச் செயினுக்கு 52 கண்ணி, ஒவ்வொன்றும் முக்கால் அங்குலத்தில் பாதி. அத்தனை மயிரிழையும் சேர்ந்தால் செயின் நீண்டுபோகும். ‘செயின் இழுத்துருச்சு’ என்று நாம் சொன்னாலும் இரும்பு இழுபடுவது கிடையாது, மூட்டு தேய்வதுதான்.

பட்டறைப் பையனுக்குக் காட்டுவதற்காகப் புதுச் செயினையும் பழையதையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் ஒருக்களித்து, ஒரு முனையை மட்டும் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். புதுசு ஸ்கேல் மாதிரி நேராக நின்றது. பழசு பாதியிலேயே வளைந்து தரையைப் பார்த்தது. பையன் வாயைத் திறக்கவில்லை, பழசை எடுத்து அவனாகவே குப்பை டிரம்மில் போட்டான். அவன் தேறிவிடுவான் என்று நினைக்கிறேன். ஸ்கேனரை மாட்டினால் போதும், எல்லாம் திரையில் வந்துவிடும் என்கிற வயது, இருந்தாலும் கையால் பிடித்துப் பார்க்க யோசிக்க மாட்டான்.

கேம் சுற்றுவது கிராங்க்கின் பாதி வேகத்தில் என்பது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செயின் தொய்ந்து கேம் ஒரு டிகிரி பின்தங்கினால் கிராங்க் கணக்கில் இரண்டு டிகிரி போச்சு. வால்வு நேரம் பின்னால் தள்ளிப்போனால் முதலில் அடிபடுவது கீழ் சுற்றில் இழுவை. காரமான கேமுக்கு ஏற்கெனவே கீழ் சுற்றில் இழுவை குறைவு. அதன்மேல் தொய்ந்த செயினும் சேர்ந்தால் தம்பியின் வண்டி மேட்டில் மூச்சு வாங்கும், அவன் கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருப்பான். ஒற்றைச் செயினுக்குச் சத்தம் குறைய கேம் சக்கரத்தின் பக்கவாட்டில் ரப்பர் வளையம் வைத்திருப்பார்கள். இதில் அது கல்லாய் இறுகி, தொட்டதும் உடைந்து வந்தது.

மினி கூப்பர் எஸ்ஸில் தொழிற்சாலையிலேயே இரட்டைச் செயின்தான் போட்டார்கள். 1964, 65, 67 என்று மான்டி கார்லோ ராலியை ஜெயித்த மினிகளும் இதே ஏ-சீரிஸ் குடும்பம்தான். மைனர், மினி இரண்டையும் வரைந்தது ஒரே ஆள், இசிகோனிஸ். அதனால் பங்காளி வீட்டுச் சாமான் இங்கே அப்படியே உட்காரும். சரி, கிட்டத்தட்ட அப்படியே.

அந்தக் ‘கிட்டத்தட்ட’வில்தான் பல பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இஞ்சினின் முன்தகட்டில், செயினுக்குப் பின்னால் மறைகிற இடத்தில், இரண்டு அறுகோணத் தலை ஸ்க்ரூ இருக்கும். ஒற்றைச் செயினுக்கு அதனால் தொந்தரவே இல்லை. இரட்டைச் செயின் அகலம் கூடுதல், பின்வரிசை அந்தத் தலைகளில் உரசும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, தகட்டில் கவுண்டர்சங்க் அடித்து, தலை தகட்டோடு சமமாக இறங்குகிற ஸ்க்ரூ போட வேண்டும். செயின் வந்த பெட்டியில் அது வரவில்லை. பழைய அங்குல மரை என்பதால் வண்ணார்பேட்டையில் தேடியும் கிடைக்கவில்லை, கடைசியில் லேத்தில் கொடுத்துத்தான் கடைந்து வாங்கினேன். அப்புறம் இரண்டு பல் சக்கரத்தின் முகத்திலும் நேர்க்கோல் வைத்துப் பார்த்து, கிராங்க் சக்கரத்துக்குப் பின்னால் ஷிம் என்கிற மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவந்தேன். கோணலாக ஓடுகிற இரட்டைச் செயினைவிட நேராக ஓடுகிற ஒற்றைச் செயின் எவ்வளவோ மேல்.

செயினுக்குப் பதிலாகப் போடலாம் என்று நீ எழுதியிருந்த பெல்ட் கிட்டைப் பற்றியும் யோசித்தேன். சத்தமில்லை, கவரைத் திறக்காமலே டைமிங்கை நகர்த்தலாம், உண்மைதான். உங்கள் ஊர் செட்டிப்பாளையம் டிராக்கில் ஓடுகிற வண்டிக்கு நானும் அதைத்தான் சொல்லுவேன். இங்கே இந்தத் தம்பி குவாரி லாரிகளுக்குப் பின்னால் ஓட்டப்போகிறான். தேரிக்காட்டு மணலும் எம்-சாண்டும் பறக்கிற சாலையில் திறந்த பெல்ட் எத்தனை நாள் தாங்கும்? செயின் பாவம், கவருக்குள் ஆயிலில் குளித்துக்கொண்டு அதன்பாட்டுக்கு ஓடும். ஐட்லிங்கில் லேசாகச் சலசலக்கும், அவ்வளவுதான். அந்தச் சத்தம் கேட்கத்தானே பழைய வண்டி வைத்திருக்கிறோம்!

இனி நீ ஆவலாகக் கேட்பாய் என்று எனக்குத் தெரிந்த விஷயம். இரண்டு சக்கரத்துப் புள்ளியையும் எதிரெதிரே வைத்துப் பூட்டிக் கவரை மூடிவிடுவதுதான் ஊர் வழக்கம். சாதா கேமுக்கு அது போதும். புதுக் கேமுக்கு வந்த சீட்டில், முதல் சிலிண்டர் இன்லெட் வால்வின் முழு எழுச்சி, டாப்பை, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கிற இடத்தை, தாண்டி 106 டிகிரியில் வர வேண்டும் என்று போட்டிருந்தது. டிகிரித் தட்டைக் கிராங்க்கில் மாட்டி, பிஸ்டன் ஸ்டாப் வைத்து உண்மையான டாப்பைக் கண்டுபிடித்து, புஷ்ராட் தலையில் டயல் கேஜை நிறுத்தினேன். முழு எழுச்சியில் முள் சில டிகிரிக்கு அசையாமல் நிற்கும், அதனால் உச்சியை நேரடியாகப் படிக்க முடியாது. உச்சிக்கு ஆயிரத்தில் ஐந்து அங்குலம் கீழே, ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது ஒன்றும் குறித்துக்கொண்டு நடுவைப் பிடிக்க வேண்டும். ஏறும்போது 99, இறங்கும்போது 123. நடு 111.

புள்ளிக்குப் புள்ளி, புதுச் செயின், புதுச் சக்கரம், எல்லாம் சரியாக வைத்தும் ஐந்து டிகிரி தாமதம்! கேமில் கீ வெட்டிய இடம், சக்கரத்தில் புள்ளி அடித்த இடம், இப்படி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த பிசகு அது. அதற்காகத்தான் கேமை நகர்த்திப் பூட்ட வசதியாக நீள்துளை வைத்த வெர்னியர் சக்கரமாக வாங்கச் சொல்லியிருந்தேன். போல்ட்டைத் தளர்த்திக் கேமை இரண்டரை டிகிரி முன்னே நகர்த்தி மறுபடி அளந்தால் 106-ல் வந்து உட்கார்ந்தது. பையனுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: அளக்கும்போது கிராங்க்கை ஓடுகிற திசையில் மட்டும் திருப்பு. குறி தாண்டிப் போய்விட்டால் அப்படியே பின்னுக்குத் திருப்பிப் படிக்காதே. நன்றாகப் பின்னே போய், மறுபடி முன்னே வா. இல்லாவிட்டால் செயினின் தொய்வு எதிர்ப்பக்கம் போய், அளவு பொய் சொல்லும்.

கேம் நட்டை 65 பவுண்டு-அடிக்கு இறுக்கி, லாக் வாஷரை மடக்கி, ஆயில் எறிகிற தட்டை எஃப் எழுத்து வெளியே தெரியும்படி வைத்து மூடினோம். அந்த எழுத்தைப் பையன்தான் முதலில் பார்த்தான்.

ஓட்டிப் பார்த்ததைச் சொல்கிறேன். செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவில், ஜல்லி ஏற்றிய கேரளா லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தோம். வளைவு முடிந்து இடம் கிடைத்ததும் மூன்றாம் கியருக்கு மாற்றி மிதித்தான். இருமலும் இல்லை, தயக்கமும் இல்லை, சுத்தமாக எடுத்துக்கொண்டு போனது. அடுத்து நாலுவழிச் சாலையில் பணகுடிப் பக்கம். இந்தக் காலத்தில் ஆரல்வாய்மொழிக் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும், மைனரின் அந்த வட்ட முதுகுக்குப் பக்கக் காற்று ஆகவே ஆகாது. வேகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தோம். 6000 சுற்றுக்கு மேல் போகக்கூடாது என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். 1098-க்கு 83.72 மி.மீ. ஸ்ட்ரோக், நீளம் அதிகம். இரட்டைச் செயின் இருக்கிறதே என்று கிராங்க்கைச் சோதித்துப் பார்த்தால் செயின் மட்டும்தான் மிஞ்சும்.

இடையில் இன்னொரு பையன் புது டர்போ பெட்ரோல் கார் ஒன்றைக் கொண்டுவந்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கடகடவென்கிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது என்றான். டென்ஷனருக்கு ஆயில் பிரஷர் வந்து சேரும்வரை செயின் ஆடுகிற சத்தம் அது. டிப்ஸ்டிக்கை இழுத்தால் நுனியில்தான் ஈரம். சர்வீஸ் தேதி இன்னும் வரவில்லையே என்கிறான். தேதி வருவதற்குள் செயின் ஒரு பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், அப்புறம் ஹெட்டைத் தனியாகத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். நல்ல ஆயில் ஊற்றி, டென்ஷனரையும் செயினையும் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். போய்ப் பார்த்தானா தெரியவில்லை.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். கேமோடு வந்த இரட்டை வால்வு ஸ்பிரிங்கை நான் பூட்டவில்லை. கையால் அழுத்திப் பார்த்தாலே இந்தச் சுற்றுக்குத் தேவையில்லாத விறைப்பாகத் தெரிகிறது. அத்தனை விறைப்பையும் கடைசியில் சுமக்கப்போவது டேப்பட்டும் கேம் மூக்கும் செயினும்தானே. இப்போதைக்கு ஒற்றை ஸ்பிரிங்கில் ஓடுகிறது. உங்கள் பட்டறையில் ஸ்பிரிங் டெஸ்டர் இருக்கிறது. செட்டைப் பஸ் பார்சலில் போட்டிருக்கிறேன், ரசீது இதோடு இருக்கிறது. வால்வு மூடியிருக்கும் உயரத்திலும் முழுதாகத் திறந்த உயரத்திலும் ஒவ்வொன்றாக அழுத்தி, எத்தனை பவுண்டு என்று எழுதி அனுப்பு. இரண்டு உயரத்தையும் அட்டைப்பெட்டி மூடியிலேயே குறித்திருக்கிறேன். ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருந்தால் அதையும் எழுது, தம்பியிடம் காட்ட வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் மச்சான்