போர்டுக்குப் பின்னால் நிறுத்திய பந்து

அன்புள்ள செல்வா,

தைப்பூசம் முடிந்ததும் எழுதுகிறேன் என்று சொன்னவன் இத்தனை மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். முத்து அண்ணன் அதே பழைய விசிலைத்தான் ஊதுகிறார், அதே இடத்தில் நின்றுகொண்டு.

இன்று எழுதுவதற்குக் காரணம் வேறு. சனிக்கிழமை ரோஸ்ஹில்லில் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டம், நான்தான் நடுவர். 4 வினாடிதான் பாக்கி. ஒரு புள்ளி பின்தங்கிய அணி கூடைக்குக் கீழே பந்தை நகர்த்தும்போது, எதிரணிப் பெண் வேண்டுமென்றே காலால் தடுத்தாள். விசில் ஊதினேன். அதுவரை சரி. பிறகு அவசரத்தில், நான் நின்ற இடத்திலேயே, எண்ட் லைனுக்கு (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோட்டுக்கு) வெளியே, உள்ளே எறிவதற்காகப் பின்தங்கிய அணிப் பெண்ணிடம் பந்தைக் கொடுத்துவிட்டேன். அவளுடைய இடது தோள் போர்டின், அதாவது கூடை மாட்டிய பலகையின், விளிம்புக்கு உள்ளே இருந்தது. உயர்த்தி எறிந்த பந்து போர்டின் பின்பக்கத்தில் மோதி அவள் காலடியிலேயே விழுந்தது. மறுபடி விசில், பந்து எதிரணிக்கு. ஆட்டம் முடிந்தது.

யாரும் சண்டைக்கு வரவில்லை, பயிற்சியாளர் கைகூடக் கொடுத்தார். அந்தப் பெண் மட்டும், முழங்கால் பட்டையைக் கழற்றிக்கொண்டே, "சார், நான் கொஞ்சம் தள்ளி நின்றிருக்க வேண்டுமா?" என்று கேட்டாள். தள்ளி நிறுத்த வேண்டியவன் நான், தப்பு என்னுடையது என்று சொன்னேன். தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

செல்வா, விதி உனக்கு மனப்பாடம்: தவறு நடந்த இடத்துக்கு மிக அருகில் பந்தைக் கொடுக்க வேண்டும், ஆனால் போர்டுக்கு நேர் பின்னால் கூடாது. "அருகில் என்றால் அருகில்" என்று நீ மேசையைத் தட்டுவது எனக்கு இப்போதே கேட்கிறது. ஆனால் அந்த அருகைக் கண்ணால்தான் அளக்க வேண்டியிருக்கிறது. ஞாயிறு காலை டேப் எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். போர்டு 1.80 மீட்டர் அகலம். கீழே தரையில் வரைந்த கட்டம் 4.90 மீட்டர் அகலம். இரு பக்கமும் 1.55 மீட்டர் மிஞ்சுகிறது. எறிபவர் மொத்தமாக 1 மீட்டர்தான் பக்கவாட்டில் நகரலாம். போர்டின் விளிம்பையொட்டி நிறுத்தினால், இரண்டே எட்டில் அவளே போர்டுக்குப் பின்னால் போய்விடுவாள். பந்தை எறிந்துவிட வேண்டிய 5 வினாடிக் கணக்கும் தலைக்குமேல் ஓடுகிறது. மூலைக்குத் தள்ளிவிட்டாலும் கொடுமைதான்: அங்கே பக்கக்கோடும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும்.

அமெரிக்கப் பள்ளிகளில் 2023-24 பருவத்திலிருந்து, முன்பாதியில் (தாக்கும் கூடையுள்ள பாதியில்) எண்ட் லைனுக்கு வரும் பந்தை, அது தானே கோட்டைத் தாண்டி வெளியே போனதாக இல்லாவிட்டால், கட்டக் கோட்டுக்கு 3 அடி வெளியே, குறித்த இடத்தில் கொடுக்கிறார்கள். இடம் முன்பே தெரிவதால் நடுவருக்கும் அவசரமில்லை, எறிபவளுக்கும் திகைப்பில்லை. நம் விதிக்கும் அப்படி ஒரு புள்ளி வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அது வரும்வரை, போர்டின் விளிம்பிலிருந்து ஒரு பெரிய எட்டு வெளியே வைத்துத்தான் பந்தைக் கொடுப்பேன். நீ எத்தனை முறை மேசையைத் தட்டினாலும்.

புதன்கிழமை புது நடுவர்கள் நான்கு பேர் வருகிறார்கள். தரையில் வெள்ளை டேப் ஒட்டி, போர்டுக்குக் கீழே அவர்களையே எறிய வைக்கப் போகிறேன். ரெயூனியன் தீவில் நீங்கள் எறிபவரை எங்கே நிறுத்துகிறீர்கள்? புதனுக்கு முன் எழுது. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன்
மூர்த்தி