உபாதைக்குப் பிறகு யார் பார்ப்பது?

ஆசிரியருக்கு,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் "உபாதை காரணமாக விலகினார்" என்று ஒரு வரி வரும், அதோடு அந்த ஆளின் கதை முடிந்துவிடும். 2022 இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தில் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு எதிராக 3 விக்கெட் எடுத்த இலங்கை வேகப்பந்து வீச்சாளர் துஷ்மந்த சமீர கெண்டைக்கால் உபாதையோடு வெளியேறினார், மிச்சத் தொடரும் போய்விட்டது. அடுத்த நாள் நாங்கள் எல்லோரும் பேசியது அவருக்குப் பதிலாக யார் என்பதைத்தான்.

கால் ஆறினால் எல்லாம் சரி என்று நினைக்கிறோம். முழங்காலில் எலும்புகளைப் பிடித்து வைக்கும் ஏசிஎல் என்ற நார் அறுந்து சத்திரசிகிச்சை செய்தவர்களைப் பற்றிய 69 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி மறுபடி போட்டிக்குத் திரும்பியவர்கள் 100க்கு 55 பேர்தான். திரும்பாதவர்கள் சொல்லும் காரணங்களில் முன்னுக்கு நிற்பது, திரும்பவும் அறுந்துவிடுமோ என்ற பயம். கால் ஓடத் தயார், ஆள் தயாரில்லை.

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் மோசம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கபடிக்காரன் என்று ஊரே கூப்பிட்ட பெடியன், தேசிய மட்டம் வரை போனவன், முப்படையிலோ பொலிசிலோ விளையாட்டை வைத்து ஒரு வேலை கிடைக்கும் என்று வீடே காத்திருக்கிறது, அப்படியான ஒருவன் முழங்காலோடு வீட்டில் கிடந்தால் அவனுக்குப் போவது ஒரு போட்டி மட்டுமா? தேத்தண்ணிக் கடையில் "என்ன தம்பி, இன்னும் சுகமில்லையா?" என்று கேட்பார்கள் என்பதற்காகவே வெளியே வராமல் இருப்பான். பிறகு மட்டக்களப்பு வெபர் மைதானப் பக்கமே போகமாட்டான். நடிக்கிறான், சோம்பேறி என்று நாங்களும் பட்டம் கொடுத்துவிடுவோம்.

உடனே இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டைக் காட்டுவார்கள்: 2016 ரியோவில் ஸ்ட்ரெச்சரில் போனவர் 2018 ஆசிய விளையாட்டு விழாவில் தங்கம் எடுத்தார் என்று. உண்மைதான், ஆனால் அவரைத் தேற்றி எழுப்ப ஆட்கள் இருந்தார்கள். இங்கே முறிவு வைத்தியர் கட்டுப்போட்டு அனுப்புவதோடு சரி.

சர்வதேச ஒலிம்பிக் குழு 2019இலேயே வீரர்களின் மனநலம் பற்றி நிபுணர் அறிக்கை வெளியிட்டு உபாதையையும் அதில் சேர்த்துப் பேசிவிட்டது. எங்களுக்குப் புதிய கட்டடமோ நிதியோ வேண்டாம். பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார், உளவளத்துணை உத்தியோகத்தரும் இருக்கிறார், அநேகமாக ஒரே மாடியில். மாகாண, தேசிய மட்ட வீரர் ஒருவர் உபாதைப்பட்டால் முதலாமவர் இரண்டாமவரிடம் அந்தப் பெயரைக் கொடுக்கட்டும், அவர் வீடு தேடிப் போகட்டும். அதுவரைக்கும், பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 இருக்கிறது, அதையாவது கழகங்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

கபடி ரசிகன்,
களுவாஞ்சிகுடி