பறவை நடைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

காப்பகக் குளக்கரையில், பறவைகளைப் பார்த்து எண்ணிக்கொண்டே போகும் பறவை நடை நல்லபடியாக முடிந்தது. பொதுவாக ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. யார் என்ன செய்தார்கள் என்று எழுதிவைத்தால் அடுத்த நடைக்கும் உதவும்.

முதல் நன்றி காப்பக ஊழியர்களுக்கு. விடியும்போதே கதவைத் திறந்துவிட்டார்கள். வெயில் ஏறினால் பறவைகள் நிழலில் ஒதுங்கிக் குரலையும் அடக்கிவிடும். கிழக்குக் கரையில் நடக்கச் சொன்னதும் அவர்களே. காலை வெயில் முதுகில் விழுந்ததால் பறவைகள் நிறத்தோடு தெரிந்தன. எதிர்க்கரை என்றால் எல்லாமே கறுப்பு நிழலுருவம்தான்.

8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ. அகலம்) பைனாகுலர்களைக் கடன் தந்தவர்களுக்கும், அவற்றைப் புதியவர்களுக்குச் சரிசெய்து கொடுத்தவர்களுக்கும் நன்றி. வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருகி இடது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடது கண்ணை மூடி, வலது குழலின் வளையத்தை மட்டும் திருப்ப வேண்டும். கண்ணாடி போட்டவர்கள், கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தை உள்ளே இறக்காவிட்டால் காட்சி பாதியாகக் குறுகிவிடும். “ஒண்ணுமே தெரியலையே” என்ற புகாருக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

தொலைநோக்கியைச் சுமந்து வந்தவர் 20 மடங்கில் பறவையைப் பிடித்து, பிறகே பெரிதாக்கினார். வெயில் ஏறியபின் 60 மடங்கில் கானல் அலைதான் தெரியும் என்று அதைத் தொடவே இல்லை. அலகும் காலும் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள் என்றால் அது சின்னக் கொக்கு. ஆனால் சேற்றில் விரல் புதைந்திருக்குமே! அது காலைத் தூக்கும்வரை வரிசை முழுவதையும் சத்தமில்லாமல் காக்கவைத்தாரே, அதற்குத் தனி நன்றி.

குறிப்பெடுத்த இருவரின் வேலைதான் எங்கள் கணக்கில் மிகக் கடினமானது. முக்குளிப்பான்களில் சில எப்போதும் தண்ணீருக்கடியில் இருக்கும். ஒருமுறை எண்ணினால் குறைவாகவே வரும். மூன்று முறை எண்ணி, அதிகமாக வந்ததை எழுதினார்கள். உள்ளான் கூட்டம் எழும்பியபோது பத்தை எண்ணி, அந்தப் பத்து பிடித்த இடத்தைக் கொண்டு மொத்தத்தை அளந்தார்கள். திரும்பும் வழியில் கண்ட அதே பறவைகளை மறுபடி கூட்டவில்லை. பறவைக் கணக்குகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றும்போதும், போன வழியே திரும்பியதால் தூரத்தை ஒருபக்கத்துக்கு மட்டுமே போட்டார்கள். பலர் தவறுவது இங்கேதான்.

கடைசி ஆளாக நடந்து, பின்தங்கியவர்களையும் குப்பையையும் சேர்த்துக் கொண்டுவந்தவர்களுக்கும், கூடு தெரிந்த புதரைச் சைகையாலேயே தவிர்க்கவைத்த சிறுவர்களுக்கும் நன்றி.

கரையில் கிடந்த லென்ஸ் மூடி ஒன்று எங்களிடம் இருக்கிறது. உரியவர் அடுத்த நடையில் பெற்றுக்கொள்ளலாம்.

அன்புடன்,
நடை ஏற்பாட்டுக் குழுவினர்