கண்ணாடி கிண்ணத்துல இறால் வளராது சார்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க ஞாயிறு இணைப்புல வீட்டுக்குள்ள இறால் வளக்குறத பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. மீன விட ஈஸி, ஒரு கண்ணாடி கிண்ணத்துல தண்ணி ஊத்தி விட்டா போதும்னு எழுதியிருந்தாங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த லெட்டர். ஏன்னா நானும் ஆறு வருஷத்துக்கு முன்னாடி அப்படித்தான் ஆரம்பிச்சேன், வாங்குன பத்து செர்ரி இறால்ல (அழகுக்கு தொட்டியில வளக்குற குட்டி செவப்பு இறால்) எட்டு ஒரே வாரத்துல போச்சு.

தண்ணி கண்ணாடி மாதிரி பளிச்சுனுதான் இருந்துச்சு, அதுதான் கொடுமையே. இறால் போடுற கழிவு, மிச்ச தீனி எல்லாம் அழுகி அம்மோனியா ஆகும், அத பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், அப்புறம் இன்னொரு பாக்டீரியா நைட்ரேட்டா மாத்தும். இந்த பாக்டீரியா கூட்டம் புது தொட்டியில உருவாக நாலுலேருந்து ஆறு வாரம் ஆகும். டெஸ்ட் கிட்ல அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோ காட்டுற வரைக்கும் அது வெஷத்தண்ணிதான். இன்னொண்ணு, பழைய தொட்டியில செடி மேல, கல்லு மேல எல்லாம் வழவழன்னு ஒரு படலம் படியும் பாருங்க, நாம அழுக்குன்னு தேச்சு எடுத்துடுவோம், இறால் நாள் பூரா மேயுறதே அதத்தான். பளபளன்னு தேச்சு வெச்ச தொட்டியில அதுக்கு பட்டினி.

குழாத்தண்ணிய ஒரு ராத்திரி புடிச்சு வெச்சா குளோரின் போயிடும்னு போட்டிருந்தீங்க, சரிதான், ஆனா குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேந்தது) கலக்குற தண்ணியா இருந்தா அது அப்படி போகாது, அதுக்கு மீன் கடையில விக்கிற வாட்டர் கண்டிஷனர் ஊத்தணும். வாங்கிட்டு வந்த கவர பிரிச்சு அப்படியே கொட்டவும் கூடாது, ஏர் டியூப்ல ஒரு முடிச்சு போட்டு, நொடிக்கு ஒண்ணு ரெண்டு சொட்டா தொட்டித்தண்ணிய ஒரு ரெண்டு மணி நேரம் இறால் வந்த கவர் தண்ணியில கலக்க விடணும்.

கட்டுரையில மருந்த பத்தி ஒரு வார்த்த கூட இல்ல. மீனுக்கு வர்ற வியாதிக்கு விக்கிற நெறைய மருந்துல காப்பர் இருக்கும். இறால் ரத்தத்துல ஆக்சிஜன சொமக்குறதே காப்பர்தான், ஆனா தண்ணியில அது கொஞ்சம் கூடினா போதும், இறாலுக்கு அதுவே எமன். அதே மாதிரி கொசு மருந்து. இறாலும் பூச்சிக்கு தூரத்து சொந்தம்தான, கொசுவ கொல்ற மருந்து இதையும் விடாது. எங்க வீட்ல ஒருநாள் சாயங்காலம் ரூமுக்குள்ள ஸ்ப்ரே அடிச்சிருக்காங்க, ஏர் பம்ப் அந்த காத்த இழுத்து நேரா தண்ணிக்குள்ள விட்டுருச்சு. காலைல பாத்தா பாதி இறால் மல்லாக்க கெடந்து கால உதறிட்டு இருந்துச்சு. யாரையும் திட்ட முடியல, நாந்தான் சொல்லி வெச்சிருக்கணும்.

ஆனா பயமுறுத்த மட்டும் எழுதல. மொத தடவ தொட்டி அடியில கண்ணாடி மாதிரி ஒரு இறால் கெடந்துச்சு, கண்ணு, மீசை எல்லாம் அப்படியே இருக்கு, செத்துருச்சுன்னு எடுத்து போட்டுட்டேன். அப்புறம் எண்ணி பாத்தா கணக்கு சரியா இருக்கு! சட்ட உரிச்சிருக்கு, அவ்வளவுதான். அத எடுக்காதீங்க, அதுங்களே தின்னுடும். பொட்டை இறால் சட்ட உரிச்ச கொஞ்ச நேரத்துல ஆண் எல்லாம் பைத்தியம் புடிச்ச மாதிரி தொட்டி பூரா சுத்தும், அப்புறம் அது வயித்துக்கு கீழ இருபது முப்பது முட்டை தெரியும். நீந்துற காலால அந்த முட்டைக்கு விசிறிகிட்டே இருக்கும், மூணு நாலு வாரம். எனக்கு அத பாத்துட்டே உக்காந்து ஆபீசுக்கு லேட்டா போன நாளெல்லாம் உண்டு. குட்டி ரெண்டு மில்லிமீட்டர்தான், அதனால ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைங்க, மத்த ஃபில்டர் அப்படியே உறிஞ்சிடும்.

கடைசியா ஒரு குத்தம். எழுதினது செர்ரி இறால பத்தி, போட்ட படம் அமானோங்கிற வேற வகை இறால். உடம்பு கண்ணாடி மாதிரி, பக்கத்துல புள்ளி புள்ளியா இருக்கே, அதுதான். அமானோவோட லார்வா வளர உப்பு கலந்த தண்ணி வேணும், வீட்டு நல்லதண்ணி தொட்டியில குட்டி தங்கவே தங்காது. படத்த காட்டி அத வாங்கிட்டு வந்து, ரெண்டு மாசத்துல தொட்டி நெறையும்னு நீங்க எழுதினத நம்பி காத்துகிட்டு இருக்க போறாங்க. படத்தையும் அந்த கிண்ணம் வரியையும் திருத்தி, சின்னதா ஒரு மூலையில போட்டாலும் சரி, போடுங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர்