காந்தாரியின் குடங்களைக் கதையாகவே விட்டுவிடுங்கள்

மதிப்புக்குரிய பள்ளி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். அறிவியல் தினச் சிறப்புரை பற்றித்தான் எழுதுகிறேன். என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும், முன்கதை வேண்டாம்.

நீங்கள் அழைத்து வந்த பேச்சாளர், காந்தாரியின் நெய்க்குடங்களில் பிறந்த கௌரவர் நூறு பேரும் சோதனைக்குழாய்க் குழந்தைகள் என்றார். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் எழுந்து, "அப்படின்னா கருமுட்டையை எப்படி வெளியே எடுத்தாங்க சார்?" என்று கேட்டாள். துடுக்குத்தனம் இல்லை, நீங்கள் நடத்திய இனப்பெருக்கப் பாடத்திலிருந்து வந்த கேள்விதான் அது. "பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும், உட்காரு" என்று பதில் வந்தது, முன்வரிசை ஆசிரியர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் வகுப்பில் கை தூக்குவதே இல்லையாம், அவளுடைய வகுப்பாசிரியரே சொன்னார்.

நான் கேட்பது ஒன்றுதான். அதே பிள்ளைகள் முன்னால், அது புராணக் கதை, அறிவியல் அல்ல என்று சொல்லிவிடுங்கள்.

நானும் கோயிலுக்குப் போகிறவள்தான், மகாபாரதம் எனக்கு வேண்டாதது இல்லை. குந்திக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்று கேட்டதும், இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டிருந்த வயிற்றில் தானே அடித்துக்கொள்கிறாள் காந்தாரி, இரும்பு மாதிரி ஒரு பிண்டம் வந்து விழுகிறது, அதைத் தூக்கி எறியப் போகிறவளை வியாசர் தடுத்து, துண்டுகளாக்கி நெய்க்குடங்களில் வைக்கச் செய்கிறார். அந்தப் பொறாமையும் வேதனையும்தானே கதை? அதை விட்டுவிட்டு நெய்க்குடத்தை மட்டும் எடுத்து ஆய்வுக்கூடம் ஆக்கினால் கதையும் போச்சு, அறிவியலும் போச்சு. நூற்றியோராவது குடத்துத் துச்சளை வேறு அவர் கணக்கிலேயே வரவில்லை, பெண்பிள்ளை என்பதாலோ என்னவோ.

இதில் இன்னொரு கொடுமை. நிஜமாகவே இந்த நாட்டில் ஒருவர் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்க வைத்தார். கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய், 1978 அக்டோபர் 3 அன்று, உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில். அரசு போட்ட குழு அவரை நம்பவில்லை, 1981-ல் தற்கொலை செய்துகொண்டார். இன்னொரு விஞ்ஞானி, ஆனந்த் குமார், பல வருடம் கழித்து அவருடைய குறிப்புகளைப் படித்துப் பார்த்து, இந்தியாவில் முதலில் செய்தவர் அவர்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அறிவியல் தினத்தில் அந்தப் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. குடத்துக்குக் கைதட்டல், மனிதருக்கு ஒன்றுமில்லை! அடுத்த வருடம் புஷ்பக விமானத்துக்கு எரிபொருள் என்ன என்று தேர்வில் கேட்பீர்களோ தெரியாது.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடவே பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கதையைத் தமிழ் ஐயா நடத்தட்டும், ஆசையாகக் கேட்பார்கள். மேடையில் சொன்னதற்கு மேடையிலேயே ஒரு திருத்தம், என் மகளின் கேள்விக்கு உயிரியல் ஆசிரியரிடமிருந்து ஒழுங்கான பதில், இந்த இரண்டையும் அடுத்த காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே செய்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா