‘மாங்கே’ என்றால் தோற்றவர் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற ‘மாங்கே’ (manqué) என்னும் சொல்லுக்குத் தங்கள் ஞாயிறு இணைப்பில் ‘தோற்றுப்போனவர்’ என்று பொருள் தரப்பட்டிருந்தது வருத்தமளிக்கிறது. தவறுதல், எய்தாமற்போதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த அச்சொல், ஆங்கிலத்திலும் பிரெஞ்சு வழக்கப்படி பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நின்று, ஒருவர் விரும்பியும் கைகூடாமற்போன வாழ்வையே சுட்டுகிறது. அவர் வேறொன்றில் பெரும்புகழ் பெற்றவராகவும் இருக்கலாம்.

டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோவை எண்ணிப் பாருங்கள்; அவரைப் ‘போதகர் மாங்கே’ எனலாம். 1879இல் பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் போதகராகப் பணியாற்றி, தம்மிடமிருந்ததை ஏழைத் தொழிலாளர்க்கு ஈந்து, அவர்களைப் போலவே குடிசையில் வாழ்ந்த அவருடைய நியமனத்தைத் திருச்சபையினர் நீட்டிக்கவில்லை. மறு ஆண்டு அவர் ஓவியராக முடிவுசெய்தார். 1885இல் நெதர்லாந்தின் நூனெனில் அவர் தீட்டிய ‘உருளைக்கிழங்கு உண்போர்’ ஓவியத்தில், உழைத்துக் காய்த்த கைகளை அவர் போற்றியிருக்கும் விதத்தில், அந்தப் போதகரையே நான் காண்கிறேன். நிறைவேறாத அவ்விருப்பத்தைத் தோல்வி என்று எழுதுவது அவருக்கு இழைக்கும் அநீதி. அடுத்த இதழில் இப்பொருளைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்