'ஆசீர்வாதமா இருந்துச்சு பிரதர்' என்பதை வைத்து என்ன செய்வது? பாட்காஸ்ட் நடத்தும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். நீயும் உன் நண்பனும் சபை வாழ்க்கையைப் பற்றிச் சிரித்துப் பேசி நடத்தும் பாட்காஸ்டுக்கு, கேட்பவர்களிடமிருந்து வந்த கருத்துகளை மொத்தமாக அனுப்பி, "சிரிப்பைக் குறைச்சிரலாமாண்ணே?" என்று கேட்டிருந்தாய். இதே குழப்பத்தில் இன்னும் நாலு பேர் இருப்பார்கள், அதனால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன். குறைக்காதே. 'சிரிப்பு அதிகம்' என்று வருகிற குறைகளில் பெரும்பகுதி சிரிப்பைப் பற்றியதே அல்ல.

முதலில் பாராட்டுகளை ஓரமாக வை. நம் ஆட்களிடம் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "ரொம்ப ஆசீர்வாதமா இருந்துச்சு பிரதர்" என்றுதான் வரும். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஐயருக்கு (போதகருக்கு) கைகொடுத்துச் சொல்கிற அதே பதில். பிரசங்கம் முழுக்கத் தூங்கியவரும் அதையேதான் சொல்வார். அதில் பொய் இல்லை, மரியாதை இருக்கிறது, ஆனால் உனக்கு உதவாது. கேள்வியை மாற்றிக் கேள்: "எந்த இடத்துல நிறுத்தினீங்க? மறுபடி கேட்டீங்களா? யாருக்காவது அனுப்பினீங்கன்னா, எதுக்காக அனுப்பினீங்க?" இந்தக் கேள்விகளுக்கு மரியாதைக்காகப் பதில் சொல்ல முடியாது. "குக்கர் விசில்ல ஒண்ணுமே கேக்கல, விட்டுட்டேன்" என்று ஒரு அக்கா வாட்ஸாப் வாய்ஸ் நோட்டில் சொன்னால், அது பத்து ஆசீர்வாதத்துக்குச் சமம்.

நட்சத்திரங்களையும் அப்படியே நம்பாதே. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸில் மதிப்பீடுகள் நாடு நாடாகத் தனித்தனியாகக் காட்டப்படும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் எழுதியது இந்தியப் பக்கத்தில் தெரியாது. வலை முகவரியில் இருக்கும் இரண்டு எழுத்து நாட்டுக் குறியை மாற்றிப் பார்த்தால்தான் கிடைக்கும். ஸ்பாட்டிஃபையில் 2021 டிசம்பரிலிருந்து நட்சத்திரம் போடலாம், ஆனால் அதோடு ஒரு வரிகூட எழுத முடியாது. கருத்து எழுத இடம் வந்தது 2024 ஜூலையில்தான். பதிவிறக்க எண்ணிக்கையும் கேட்டவர் எண்ணிக்கை அல்ல. துறை பின்பற்றும் ஐஏபி (இணைய விளம்பரத் துறையின் அமைப்பு) விதிப்படி, ஒரு நிமிட அளவுக்கு ஒலி இறங்கிவிட்டாலே அது ஒரு பதிவிறக்கம். 2023-இல் ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 17 வந்தபோது தானாக இறங்கும் முறை மாறியது. ஒரு ஆள்கூட விலகாமலே பலருடைய எண்ணிக்கை சரிந்தது. அந்தச் சரிவைப் பார்த்துவிட்டு நிகழ்ச்சியையே மாற்றினால் அது வீண் வேலை.

உண்மையைச் சொல்வது, எத்தனை பேர் எந்த நிமிடம் வரை கேட்டார்கள் என்று காட்டும் வரைபடம். ஆப்பிளின் பாட்காஸ்ட்ஸ் கனெக்ட், ஸ்பாட்டிஃபையின் படைப்பாளர் பக்கம், யூடியூப் ஸ்டூடியோ மூன்றிலும் அது உண்டு. கோடு முதல் சில நிமிடங்களிலேயே செங்குத்தாக விழுந்தால், தலைப்புக்கு வராமல் நீங்கள் இரண்டு பேரும் அரட்டை அடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அரட்டையைத் தூக்கிவிடாதே, பலர் அதற்காகத்தான் வருகிறார்கள். முதல் ஒரு நிமிடத்துக்குள் இன்று எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று சொல்லிவிட்டு அப்புறம் அரட்டைக்குப் போ. நடுவில் சட்டென்று ஒரு பள்ளம் இருந்தால், அந்த நிமிடத்தைப் போட்டுக் கேள். பெரும்பாலும் அங்கே விளம்பரமோ, உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் புரிகிற கல்லூரிக் கதையோ இருக்கும்.

இப்போது சிரிப்புக்கு வருகிறேன். பேச்சைவிடச் சிரிப்பு ஒலியில் பல மடங்கு உயர்ந்தது. ஒலியைச் சமன் செய்யும்போது நீ உச்ச அளவை வைத்துச் சமன் செய்தால், அந்த உச்சம் உன் நண்பனின் வெடிச்சிரிப்பாகத்தான் இருக்கும். அதற்கு இடம் விட்டு மீதிப் பேச்சு முழுக்கத் தாழ்ந்துபோகும். கேட்பவர் சத்தத்தைக் கூட்டுவார். அடுத்த ஜோக்கில் காதில் அறை விழும். அவர் எழுதுவது 'சிரிப்பு ஓவர்'. அவருக்குப் பிரச்சினை உன் சுபாவமல்ல, நீ ஒலியைச் சமன் செய்யும் முறை.

செய்ய வேண்டியவை: பதிவு செய்யும்போது சாதாரணப் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கும்படி மைக்கின் கெயினை (மைக் ஒலியை ஏற்கும் அளவை) இறக்கு. சிரிப்புக்கு மேலே இடம் இருக்கும், ஒலி பிளக்காது. ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு டிராக் (தனி ஒலித்தடம்). ஒரே டிராக்கில் இரண்டு குரலும் இருந்தால் ஒருவர் சிரிப்பை மட்டும் குறைப்பது மிகவும் கடினம். தொகுக்கும்போது சிரிப்புத் துண்டுகளை 6 முதல் 10 டெசிபல் வரை இறக்கு, வெட்டாதே. வெட்டினால் ஜோக் அந்தரத்தில் தொங்கும். கடைசியில் உச்சத்தை வைத்து அல்லாமல், காது உணரும் சராசரி உரப்பை வைத்துச் சமன் செய்: ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு தடம்) என்றால் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (அந்த உரப்பை அளக்கும் அலகு), மோனோ (ஒரே தடம்) என்றால் மைனஸ் 19, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. மோனோவே போதும். உன் குரலை இடப்பக்கமும் அவன் குரலை வலப்பக்கமும் தள்ளி வைத்தால், பஸ்ஸில் ஒரே காதில் இயர்போன் மாட்டியிருப்பவருக்கு உங்களில் ஒருவர் காணாமல் போய்விடுவார்.

நண்பன் வெளியூரில் இருக்கும் வாரங்களில் ஜூமில் பதிவு செய்கிறீர்கள் என்று ஒலியிலேயே தெரிகிறது. ஜூமின் இரைச்சல் அடக்கி, சிரிப்பை இரைச்சல் என்று நினைத்துத் துண்டுதுண்டாக நறுக்குகிறது. அதைத் தொடர்ந்து வரும் வாக்கியத்தின் முதல் சொல்லும் போய்விடுகிறது. 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போடு, ஒவ்வொருவர் குரலையும் தனிக் கோப்பாகப் பதியச் சொல்லும் தேர்வையும் போடு. இரண்டு பேருக்கும் ஹெட்ஃபோன் கட்டாயம். இல்லையென்றால் எதிரொலி அடக்கி, ஒருவர் பேசும்போது மற்றவரை அமுக்கிவிடும்.

ஒலியைச் சரி செய்த பிறகும் நிற்கும் குறைதான் உண்மையான குறை. அதில் யார் மேல் ஜோக் என்பதைப் பார். அசன விழாவில் (சபையின் பொது விருந்தில்) சாம்பார் வாளியோடு ஓடுவது, ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை விற்கும் ஏலத்தில் ஒரு தேங்காயை வீம்புக்கு ஏற்றிவிடுவது, முடிவே இல்லாமல் நீளும் ஆராதனை அறிவிப்புகள், கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸில் நடுராத்திரி கதவைத் தட்டுவது எல்லாம் எல்லோரும் சிரிப்பவை, ஏனென்றால் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அந்நிய பாஷை, மாதா வணக்கம், திருவிருந்து இவற்றைத் தொட்டால் அடுத்த சபைக்காரர் விலகிவிடுவார், எழுதக்கூட மாட்டார். உன் சொந்த சபையைக் கிண்டலடிக்க உனக்கு உரிமை உண்டு, அடுத்தவர் சபையை, அவர்களே அழைத்தால் மட்டும் கிண்டலடி. திருமணம் ஆகாதவர், குழந்தை இல்லாதவர் பற்றிய ஜோக் எந்த சபையிலும் வேண்டாம். வீட்டிலும் ஜெபக்கூட்டத்திலும் அதை அவர்கள் போதுமான அளவு கேட்டாகிவிட்டது.

ஜெபத்தை ஒட்டிச் சிரிக்காதே. 'ஆமென்' சொன்ன அடுத்த நொடியில் ஜோக் வந்தால் ஜெபமே நடிப்பு போலத் தோன்றும். இடையில் இரண்டு மூன்று நொடி மௌனம் விடு.

எபேசியர் 5:4-ஐ அனுப்பி 'பரியாசம் தகாது' என்பவர்களுக்கு: முந்தின வசனம் வேசித்தனத்தையும் அசுத்தத்தையும் பொருளாசையையும் சொல்கிறது, அந்த வரிசையில் வருகிற ஆபாசப் பேச்சைத்தான் பவுல் தடுக்கிறார் என்று பணிவாக ஒரு முறை எழுது. கர்மேலில் பாகாலின் தீர்க்கதரிசிகளை எலியா பரியாசம் பண்ணியதும் (1 இராஜாக்கள் 18:27), பவுல் நெடுநேரம் பிரசங்கிக்க ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததும் (அப்போஸ்தலர் 20:9), சந்தோஷத்தில் ரோதை கதவைத் திறக்காமலே பேதுருவை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே ஓடியதும் (அப்போஸ்தலர் 12:14) வேதத்திலேயே இருக்கின்றன. ஆனால் இதை வைத்து ஒலியில் வாக்குவாதம் செய்யாதே. பதிலுக்குப் பதில் போனால் நிகழ்ச்சி தர்க்க மேடையாகிவிடும்.

காலத்தையும் கவனி. லெந்து நாட்களில் (கத்தோலிக்கக் கேட்பவர்களுக்குத் தவக்காலம்) அதே ஜோக்குக்குக் கடுமையான பதில் வரும். 2026-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, ஈஸ்டர் ஏப்ரல் 5. இடையில் வரும் அத்தியாயங்களை மெதுவாக வை, பெரிய வியாழனிலும் வெள்ளியிலும் எதுவும் வெளியிடாதே. உபவாச அத்தியாயத்தில் ஒரு வரி கட்டாயம்: சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது. போன முறை அதை விட்டுவிட்டாய், இரண்டு பேர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள், அவர்கள் சொல்வது சரி.

"நடுவுல பாட்டுப் போடுங்க" என்று கேட்பவர்கள் ஏராளம். கிறிஸ்தவக் கீர்த்தனைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் மறைந்தார், அவர் எழுதிய கீர்த்தனை வரிகளுக்குப் பதிப்புரிமை முடிந்து பல காலம் ஆகிறது. ஆனால் போன வருடம் ஒருவர் பாடிப் பதிவு செய்த அதே கீர்த்தனையின் ஒலிப்பதிவுக்கு இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு உரிமை உண்டு. யூடியூபில் உடனே பிடிபடும். பழைய வரியை உன் நண்பனையே பாடச் சொல், ஆர்மோனியம் ஒன்று போதும்.

கருத்துகளை ஒரு தாளில் எழுதிவை: தேதி, அத்தியாயம், நிமிடம், ஊர், சபை தெரிந்தால் சபை, அவர் சொன்ன சொற்கள் அப்படியே. ஒரே குறை மூன்று வெவ்வேறு சபைக்காரரிடமிருந்து வந்தால் மாற்று. ஒரே வாட்ஸாப் குழுவிலிருந்து முப்பது வந்தால் அது ஒரு குறைதான். யாருடைய வாய்ஸ் நோட்டையாவது ஒலிபரப்பும் முன் அவரிடம் கேள், பெயரை நீக்கு, குறை சொன்னவர் குரலை மிமிக்ரி செய்யாதே.

உன் நண்பனுக்கு என் விசாரிப்பு. அடுத்த அத்தியாயத்தின் தனித்தனி டிராக்குகளை வெளியிடும் முன் அனுப்பு, கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்